புலி பலசாலி அல்ல: ஆடுபுலி ஆட்டம் பற்றிய பொதுக்கருத்துக்கு ஒரு மறுப்பு

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் இரண்டு அணிகளாக நிற்கின்றனர். ஓர் அணி அதைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரு தரப்புக்கும் ஒரே காய்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே இலக்கு என்று அமைந்த சதுரங்கமே மதியூகத்தின் உரைகல் என்றும், 3 புலிகளுக்கு எதிரே 15 ஆடுகளை நிறுத்தும் ஆட்டத்தில் தராசு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடுவதால் அதில் பெறும் வெற்றியும் தோல்வியும் ஆடுபவரின் திறமைக்குச் சான்றாகா என்றும் அந்த அணி வாதிடுகிறது. மற்றோர் அணி ஆட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. வலிய புலியை எளிய ஆடுகள் ஒன்றுகூடி அடக்குவதால் இது ஒற்றுமையின் பாடம் என்றும், முன்னோர் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற நீதிக்கதை என்றும் அது சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிர்க் கருத்துகள். ஆனால் புலி வலியது, ஆடு எளியது, ஆகவே இருவர் நிலையும் சமமற்றது என்ற எடுகோளில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அந்தச் சமமின்மையை முதல் அணி குறையாகக் காண்கிறது, இரண்டாம் அணி குணமாகக் காண்கிறது, அவ்வளவே வேறுபாடு. அரசியல் செய்திகளுக்கு ‘ஆடுபுலி ஆட்டம்’ என்று தலைப்பிடும் நாளிதழ்களும் இதே எடுகோளைத்தான் நாள்தோறும் புழக்கத்தில் விடுகின்றன. அந்த எடுகோளே தவறு என்பதும், ஆட்டத்தின் மெய்யான குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன என்பதும், அவற்றைக் காணவிடாமல் மறைப்பதில் இகழ்ச்சியைவிடப் புகழ்ச்சிக்கே பங்கு அதிகம் என்பதும் களத்தைக் கூர்ந்து பார்த்தால் விளங்கும்.

களத்தை முதலில் தெளிவாக வரைந்துகொள்வது நல்லது, ஏனெனில் இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் களத்தைப் பார்க்காமலே நடக்கிறது. ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் இருந்தாலும் பரவலாக வரையப்படும் வடிவம் இது. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் 4 சாய்கோடுகள். அவற்றின் அடிமுனைகளை இணைக்கும் அடிக்கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் இடையே சாய்கோடுகளைக் குறுக்காக வெட்டிச்செல்லும் 3 கிடைக்கோடுகள். இந்த மூன்றையும் மேல்கோடு, நடுக்கோடு, கீழ்க்கோடு என்று வைத்துக்கொள்ளலாம். இவை முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் சற்று நீண்டு, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஓரக்கோடுகளால் இணைக்கப்படுகின்றன. கோடுகள் சந்திக்கும் இடங்களே காய்கள் நிற்கும் புள்ளிகள்: உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4, ஆகமொத்தம் 23. இந்தக் களத்தையே தெலுங்கு நாட்டில் புலிஜூதம் என்ற பெயரில் ஆடுகிறார்கள். தரையில் கரிக்கோடும், புலிக்கு மூன்று கூழாங்கற்களும், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டைகளும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

புலிகள் பெரும்பாலும் உச்சியிலும் அதை ஒட்டிய புள்ளிகளிலும் நின்று தொடங்குகின்றன. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆட்டைக் காலிப் புள்ளியில் வைப்பார். பதினைந்தும் இறங்கி முடியும்வரை வைத்த ஆட்டை நகர்த்த முடியாது. புலிக்காரர் முதலிலிருந்தே நகரலாம். கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்குச் செல்வது ஒரு வகை. அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், ஆட்டைத் தாண்டிக் குதித்து அதைக் களத்திலிருந்து எடுத்துவிடுவது மற்றொரு வகை. பின்னதற்கு வெட்டு என்று பெயர். ஆடு எதையும் வெட்டாது; மூன்று புலிகளும் நகரவோ வெட்டவோ வழியில்லாதபடி அடைத்துவிட்டால் அதற்கு வெற்றி. இதற்குக் கட்டு என்று பெயர். புலிக்கு, குறித்த எண்ணிக்கை ஆடுகளை வெட்டினால் வெற்றி.

விதிகளை இப்படிச் சொல்லும்போது புலியே கொல்வதாகவும் ஆடு சாவதாகவும் படுவதால், பலம் புலியிடம் இருப்பதாகத் தோன்றுவது இயல்பு. களத்தின் கோடுகளை எண்ணிப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிலைப்பதில்லை. ஓர் ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அது ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து வரும் மூன்று புள்ளிகளின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் புலியும் மறுபக்கம் காலியும் இருக்க வேண்டும். 23 புள்ளிகளில் 7 புள்ளிகள் எந்தக் கோட்டிலும் நடுப்புள்ளியாக வருவதே இல்லை. உச்சி, மேல்கோட்டின் இரு முனைகள், கீழ்க்கோட்டின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகியவை அவை. அங்கே நிற்கும் ஆட்டை மூன்று புலிகளும் சூழ்ந்து நின்றாலும் தொட முடியாது. உச்சியைப் புலிக்கு விட்டுவிட்டாலும் ஆட்டுக்கு ஆறு கோட்டைகள் மிஞ்சுகின்றன. அந்த ஆறிலும் ஆடு நின்றுவிட்டால், நடுக்கோட்டின் இரு முனைகளுக்கும் அடிக்கோட்டின் நடுவிலுள்ள இரு புள்ளிகளுக்கும் பக்கத்து முனை ஆடே பின்துணையாகி அந்த நான்கும் பாதுகாப்பாகிவிடுகின்றன. அவை நிரம்பியதும் கீழ்க்கோட்டில் மிஞ்சிய நான்கு புள்ளிகளும், ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக வைத்தால், வெட்டுக்கு அப்பாற்பட்டவை ஆகின்றன. பதினைந்தாவது ஆட்டை நடுக்கோட்டின் இரண்டாம் புள்ளியில் வைத்தால் அதற்கும் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் துணை இருக்கிறது. அதாவது, புலி மேலேயே உலாவிக்கொண்டிருந்தால், ஆட்டுக்காரர் ஒரு கணம்கூட ஆபத்துக்கு உள்ளாகாமல் பதினைந்து ஆடுகளையும் இறக்கிவிட முடியும். வலியது என்று பெயரெடுத்த தரப்பு அதுவரை வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, புலி கீழே இறங்கியே ஆக வேண்டும். ஆட்டின் முனைகளில் தானே போய் உட்கார்ந்து அந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும். அப்படி உட்கார்வதற்குத் தர வேண்டிய விலையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. களத்தின் நடுவே, நடுக்கோட்டின் நடுவிலுள்ள இரு புள்ளிகளில் ஒன்றில் நிற்கும் தனிப்புலியைக் கட்ட எட்டு ஆடுகள் வேண்டும்: நாற்புறமும் ஒட்டி நான்கு, அந்த நான்கையும் தாண்டிக் குதிக்க முடியாதபடி அவற்றின் பின்னே நான்கு. உச்சிப் புலிக்கும் எட்டே. ஆனால் அடிக்கோட்டு முனையில் உட்கார்ந்த புலியைக் கட்ட நான்கே ஆடுகள் போதும். இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. மூன்று புலிகளும் இடப்பக்க ஓரக்கோட்டின் மூன்று புள்ளிகளிலும் வரிசையாக நின்றுவிட்டால், மூன்றையும் சேர்த்துக் கட்ட ஆறு ஆடுகள் போதும். கிடைக்கோடு ஒவ்வொன்றிலும் ஓரத்தை அடுத்த இரண்டு புள்ளிகளில் ஆடு நின்றால் தீர்ந்தது, மற்றபடி அந்தப் புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்கின்றன. நடுவில் நிற்கும் ஒரு புலிக்கு எட்டு, ஓரத்தில் ஒன்றுகூடிய மூன்று புலிகளுக்கு ஆறு என்றால், பலம் காயில் இல்லை, காயைச் சுற்றியுள்ள காலியிடத்தில் இருக்கிறது என்பது தெளிவு. புலி தன் இயல்பால் வலியதாக இருந்திருந்தால் மூன்று புலிகள் ஒரு புலியைவிட எளிதில் அடைபட முடியாது.

முனையில் புகுந்த புலியைக் கட்டுவதும் தானாக நடந்துவிடுவதில்லை. அடிக்கோட்டின் இடமுனையில் ஒரு புலி உட்கார்ந்திருக்கிறது என்று கொண்டால், அதை ஒட்டி மேலே கீழ்க்கோட்டின் இரண்டாம் புள்ளியும் பக்கவாட்டில் அடிக்கோட்டின் அடுத்த புள்ளியும் இருக்கின்றன. பழக்கமில்லாத ஆட்டுக்காரர் அவசரப்பட்டு அந்த இரண்டில் ஒன்றில் ஆட்டை வைத்தால் புலி அதைத் தாண்டி வெட்டிவிடும், ஏனெனில் அப்பால் காலியாக இருக்கிறது. தூரத்து ஆட்டை முதலில் வைக்க வேண்டும், பக்கத்து ஆட்டைப் பிறகு வைக்க வேண்டும். ஆனால் தூரத்து ஆட்டை வைத்ததுமே புலிக்காரருக்கு நோக்கம் தெரிந்துவிடும். அவர் முனையை விட்டு வெளியேறலாம், அல்லது நடுக்கோட்டில் நின்று காத்திருக்கும் அந்தத் தூரத்து ஆட்டை மற்றொரு புலியைக் கொண்டு மேலிருந்து மிரட்டலாம். மறைக்க முடியாத நோக்கத்தை எதிராளியின் கண்முன்னாலேயே நிறைவேற்ற வேண்டிய இந்த நெருக்கடியைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒரு முறையாவது ஆட்டுப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பது பயனுள்ளது.

இதே கணக்கு ஒற்றுமைப் பாடத்தையும் கலைத்துவிடுகிறது. ஆடுகள் கூட்டமாக நின்றால் பிழைக்கும், தனித்து நின்றால் மடியும் என்பது அந்தப் பாடத்தின் சாரம். களத்தில் நடப்பது வேறு. தனித்து முனையில் நிற்கும் ஆடு எக்காலத்தும் சாகாது. நடுக்கோட்டின் நடுவே தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இரண்டு ஆடுகளோ, கிடைக்கோட்டு வழியே வரும் புலியை மட்டுமே தடுக்கும். சாய்கோட்டு வழியே மேலிருந்து இறங்கும் புலி, கீழே காலியாக இருந்தால் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். உட்புறப் புள்ளி ஒவ்வொன்றின் வழியேயும் இரண்டு கோடுகள் செல்வதால், அங்கே நிற்கும் ஆட்டுக்கு ஒவ்வொரு கோட்டிலும் ஒரு துணை வீதம் இரண்டு துணைகள் வேண்டும், அவையும் உரிய இடத்தில் நின்றாக வேண்டும். எனவே எண்ணிக்கையோ நெருக்கமோ ஆட்டைக் காப்பதில்லை. நீதி சொல்ல விரும்புவோருக்கு ஆத்திசூடி இருக்கிறது. அந்த வேலையை 23 புள்ளிகளின் மேல் ஏற்றத் தேவையில்லை.

இனி முதல் அணியின் வாதத்துக்கு வரலாம். இரு தரப்பும் ஒன்றுபோல் அமைந்தால்தான் ஆட்டம் சமமானது என்ற அவர்களின் நம்பிக்கை, ஒன்றுபோல் இருத்தல் என்பதையும் சமவாய்ப்பு என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் பிறந்தது. முன்னதற்கு ஒருமைப்பாடு என்று பெயரிடலாம்: காய்களும் விதிகளும் இருவருக்கும் ஒன்றே. பின்னதைச் சமநிலை எனலாம்: இருவரும் பிழையின்றி ஆடினால் எவருக்கும் வெற்றி உறுதியாகாமை. ஒருமைப்பாடு சமநிலையைத் தருவதில்லை என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட செய்தி. 7 நிரல்களும் 6 வரிசைகளும் கொண்ட சட்டத்தில் வில்லைகளை மேலிருந்து போட்டு நான்கை ஒரே கோட்டில் சேர்க்கும் கனெக்ட் ஃபோர் ஆட்டத்தில் இருவரின் காய்களும் நிறம் தவிர வேறெதிலும் மாறுபடுவதில்லை. ஆனாலும் பிழையின்றி ஆடினால் முதலில் தொடங்குபவரே வெல்வார் என்று ஜேம்ஸ் ஆலன், விக்டர் அல்லிஸ் ஆகிய இருவரும் 1988இல் தனித்தனியே கண்டறிந்தனர். டென்மார்க்கின் பியட் ஹைன் 1942இல் உருவாக்கிய ஹெக்ஸ் என்னும் அறுகோணக் கட்ட ஆட்டமும் அத்தகையதே. அதில் முதல் ஆட்டக்காரருக்கு வெற்றிவழி இருந்தே தீரும் என்பதை ஜான் நாஷ், அந்த வழி எது என்று காட்டாமலே நிறுவினார். கிழக்காசியாவின் கோ ஆட்டத்தில் கருங்காய்க்காரர் முதலில் தொடங்குவதால் கிடைக்கும் ஆதாயத்தை ஈடுகட்ட வெண்காய்க்காரருக்கு ஜப்பானில் 6.5 புள்ளிகளும் சீனாவில் 7.5 புள்ளிகளும் தானமாகத் தரப்படுகின்றன. சதுரங்கத்திலும் வெள்ளைக்குச் சாதகம் உண்டு: தேர்ந்த ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைத் தொகுத்தால் நூற்றுக்கு 54, 55 புள்ளிகள் வெள்ளைக்குச் சேர்கின்றன. அதனால்தான் 2024இல் சிங்கப்பூரில் டிங் லிரேனும் குகேஷும் உலகப் பட்டத்துக்கு மோதிய 14 ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் 7 முறை வெள்ளை கிடைக்கும்படி வைத்தார்கள். சதுரங்கம் சமமான ஆட்டம் என்றால் இந்த ஏற்பாடு எதற்கு?

மறுதலையும் நிறுவப்பட்டிருக்கிறது. நேபாளத்தின் பாகசால், ஆடுபுலியின் நெருங்கிய உறவு: 5 வரிசை, 5 நிரல் கொண்ட 25 புள்ளிக் களம்; மூலைக்கு ஒன்றாக 4 புலிகள்; 20 ஆடுகள்; 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. இருதரப்பும் எவ்வகையிலும் ஒன்றுபோல் இல்லாத இந்த ஆட்டத்தைக் கணினியால் ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் ஆகியோர், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றியே முடியும் என்று இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காட்டினர். ஆக, ஒன்றுபோல் அமைந்த கனெக்ட் ஃபோர் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. ஒன்றுபோல் அமையாத பாகசால் நேராக நிற்கிறது. பாகசாலின் முடிவை ஆடுபுலிக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே எல்லா ஆடுகளும் இழப்பின்றி இறங்கினால் ஒரே ஒரு காலிப் புள்ளி மிஞ்சும். ஆடுபுலியில் ஐந்து மிஞ்சும். அந்த ஐந்தால் ஆட்டத்தின் பிற்பகுதி முற்றிலும் வேறு குணம் கொள்கிறது. ஆனால் வாதத்துக்கு இதுவே போதும்: தரப்புகள் வேறுபட்டிருப்பதைக் கொண்டே ஓர் ஆட்டத்தைச் சமமற்றது என்று தீர்ப்பளிக்க முடியாது.

தரப்பு வேறுபாடு நாட்டுப்புற எளிமையின் அடையாளமும் அல்ல. 1732இல் லாப்லாந்துப் பயணத்தின்போது தாவரவியலர் லின்னேயஸ் தப்லூத் என்னும் ஆட்டத்தைக் குறித்துவைத்தார். 81 கட்டங்களின் நடுவே ஓர் அரசனும் 8 காவலரும், சுற்றிலும் 16 எதிரிகளும் நிற்க, அரசன் தப்புவதும் எதிரிகள் அவனைப் பிடிப்பதுமே அங்கு இலக்கு. பலகை ஆட்டங்களின் வரலாற்றை 1952இல் நூலாக்கிய எச். ஜே. ஆர். மரே, வேட்டை ஆட்டங்களைப் போர் ஆட்டங்களிலிருந்து பிரித்துத் தனி வகையாகவே வைத்தார். வேட்டையைப் போரின் அளவுகோலால் அளந்து குட்டை என்று சொல்வது, கபடியைக் கால்பந்தின் விதிகளால் நடுவர் பார்ப்பது போன்றது.

ஆனால் எதிர்தரப்பிடம் இன்னும் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சமநிலை இருக்கட்டும், ஒருவர் கட்டுவதிலும் மற்றவர் வெட்டுவதிலும் திறமை காட்டும்போது இருவரின் திறமையையும் ஒப்பிடுவது எப்படி? விடை ஆட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டு ஆட்டங்களை ஓர் இணையாகக் கொண்டு, பக்கம் மாறி ஆடி, வெட்டுப்பட்ட ஆடுகளை எண்ணினால் போதும். ஒருவர் 2 ஆடுகளை இழந்து புலிகளைக் கட்டினார், மற்றவர் 4 ஆடுகளை இழந்து கட்டினார் என்றால் முன்னவர் மேலானவர் என்பதில் ஐயமில்லை. இந்த அளவுகோல் சதுரங்கத்துக்கு வாய்க்காதது: அங்கே ராணியை இழந்து வென்றாலும் சிப்பாயை இழந்து வென்றாலும் ஒரே ஒரு புள்ளிதான். மேலும், இணை ஆட்டத்தில் ஒருவர் இருவகை அறிவையும் காட்டியாக வேண்டும். எடுத்து வைத்ததைத் திருத்த முடியாத பொறுமை ஆட்டுப்பக்கம் வேண்டும். எதையும் இழக்காவிட்டாலும் இடத்தை இழந்துகொண்டிருப்பதை உணரும் கண் புலிப்பக்கம் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது.

பலம் என்ற கணக்கில் மேலும் ஒன்று உண்டு. பதினைந்தாவது ஆடு இறங்கிய கணத்தில் ஆட்டம் தலைகீழாகிறது. அதுவரை காலிப் புள்ளியில் புதிய ஆட்டை வைத்துக் காலம் கடத்திய ஆட்டுக்காரர், அதன்பின் நின்ற ஆடுகளில் ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவரிலிருந்து ஒரு கல் பெயர்கிறது. ஐந்தே காலிப் புள்ளிகளில் இந்த நகர்த்தும் கட்டாயம் ஒரு கத்தி. தேர்ந்த புலிக்காரர் பாய்வதில்லை. ஆடு எப்போது பெயரும் என்று காத்திருக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளை மறைப்பது நேர்மையாகாது. முதற்குறை களத்தின் சிறுமை. 23 புள்ளிகளில் 3 புலிகளும் 15 ஆடுகளும் நிற்கக்கூடிய வகைகள் 2,74,57,584. இடவலச் சமச்சீரைக் கழித்தால் அதில் ஏறத்தாழ பாதி. 6 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்று வைத்து, 10 முதல் 15 ஆடுகள் வரை நிற்கும் நிலைகளையெல்லாம் கூட்டினாலும் எண்ணிக்கை ஏறத்தாழ 108 கோடியில் நின்றுவிடுகிறது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் ஷேஃபர் குழு 2007இல் தீர்த்துவைத்த செக்கர்ஸ் ஆட்டத்தில் 5க்குப் பின் 20 சுழியங்கள் போடத்தக்க அளவு நிலைகள் உண்டு என்பதோடு ஒப்பிட்டால், 108 கோடி என்பது இன்றைய சாதாரண மேசைக் கணினிக்கே அடங்கும் அளவு. வாழ்நாள் முழுதும் கற்றாலும் தீராத ஆழம் இதில் உண்டு என்று மேடையில் முழங்குவோர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். ஆயினும், சிறுமை வேறு, ஆழமின்மை வேறு. 24 புள்ளிகளும் தரப்புக்கு ஒன்பது காய்களும் கொண்ட ஐரோப்பாவின் நைன் மென்ஸ் மோரிஸ் ஆட்டத்தை 1993இல் ரால்ஃப் காசர் கணினியால் முழுமையாகத் தீர்த்து, அது சமனில் முடியும் என்று காட்டிய பிறகும் மனிதர்கள் அதை ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 108 கோடியை மனப்பாடம் செய்தவர் எவருமில்லை.

இரண்டாம் குறை இதைவிடக் கடுமையானது. அது முழுக்க முழுக்க மனிதர் செய்த குறை. ஆடுபுலிக்கு முடிவான விதிகள் இல்லை. எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதில் ஊருக்கு ஓர் எண் இருக்கிறது. புலிகள் எங்கே தொடங்க வேண்டும் என்பதிலும் ஒப்புதல் இல்லை. இவை சில்லறை வேறுபாடுகள் அல்ல. வெட்டு புலியின் விருப்பத்துக்கு விடப்பட்டதா, கட்டாயமா என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டாலே இது புலப்படும். கட்டாயம் என்று வைத்தால், ஆட்டுக்காரர் வேண்டுமென்றே ஓர் ஆட்டைக் காவு கொடுத்து, நடுவில் நின்ற புலியை ஓரத்துக்கு இழுத்து, எட்டு ஆடுகளால் கட்ட வேண்டியதை நான்கால் கட்டிவிட முடியும். விருப்பம் என்று வைத்தால் அந்தத் தந்திரமே இல்லை. ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்டங்கள் ஆடப்படுகின்றன, இரண்டின் ஆட்டக்காரர்களும் தாம் ஆடுவதே பாட்டன் காலத்து விதி என்று சாதிக்கின்றனர்.

புகழ்ச்சி அணியின் பிழை இங்கேதான் தீங்காக முடிகிறது. கோயில் மண்டபத் தளங்களிலும் படிகளிலும் ஆடுபுலிக் களம் கீறப்பட்டிருப்பதைக் காட்டி, கோயில் எத்தனை ஆண்டு பழமையானதோ அத்தனை ஆண்டு ஆட்டமும் பழமையானது என்று அவர்கள் எழுதுகிறார்கள். கல்லின் வயது வேறு, கீறலின் வயது வேறு. நேற்று உச்சிவெயிலுக்கு ஒதுங்கியவரும் அந்தக் கோட்டைக் கீறியிருக்கலாம் என்ற எளிய ஐயம்கூட அந்த எழுத்துகளில் எழுவதில்லை. அதுவாவது வரலாற்றுப் பிழையோடு நின்றுவிடும். மரபு என்று தொட்டுக் கும்பிடப்படும் பொருளைத் திருத்த எவருக்கும் துணிவு வராது என்பதுதான் கூடுதல் இழப்பு. சதுரங்கம் மாறியது, அதன் ராணியும் பிஷப்பும் நடக்கும் விதம் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடியோடு திருத்தப்பட்ட பிறகே அது இன்றைய வேகம் பெற்றது. கோ ஆட்டத்தின் தானப்புள்ளி பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றை ஆடுவோர் பெருமை குறைந்துவிட்டதாக அழவில்லை.

திருத்தப்பட வேண்டியவற்றுள் தலையாயது, முடிவில்லாமல் சுற்றும் நிலை. ஆடுகள் எல்லாம் இறங்கி, சுவர் உறுதியாக நின்று, ஆனால் கட்டு விழும் அளவுக்கு நெருங்காதபோது, ஆட்டுக்காரர் பாதுகாப்பான இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரே ஆட்டைப் போவதும் வருவதுமாக நகர்த்திக்கொண்டிருக்கலாம். புலிக்காரரும் அவ்வாறே செய்யலாம். வெட்டும் இல்லை, கட்டும் இல்லை, யாருக்குப் பொறுமை முதலில் தீர்கிறதோ அவர் எழுந்து போக வேண்டியதுதான். பாகசாலுக்கு எழுதப்பட்ட விதிகளில், ஆடுகள் அனைத்தும் இறங்கிய பின் முன்பு வந்த நிலை மீண்டும் வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. காகிதத்தில் அது அழகாக இருந்தாலும், கடந்துபோன நிலைகளையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதால் திண்ணையில் செல்லுபடியாகாது.

சுமையை யார்மேல் ஏற்றுவது என்பதே உண்மையான கேள்வி. புலியின் இலக்கு வெட்டு. காத்திருப்பது அதற்கு முறையான ஆயுதம். ஆட்டின் இலக்கு கட்டு. முன்னேறாமல் காத்திருக்கும் ஆடு தன் இலக்கையே கைவிட்டதாகும். எனவே கடைசி ஆடு இறங்கியதிலிருந்து குறித்த எண்ணிக்கை நகர்வுகளுக்குள், அல்லது அதற்குப்பின் ஒரு வெட்டு விழுந்திருந்தால் அந்த வெட்டிலிருந்து அத்தனை நகர்வுகளுக்குள், ஆடு கட்டை முடிக்காவிட்டால் அந்த ஆட்டம் புலிக்கு என்று விதிப்பதே பொருத்தம். சதுரங்கத்தில் காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வுகள் கழிந்தால் சமன் கோரலாம். அதே எண்ணை இங்கும் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, ஆட்டுக்காரரின் பக்கத்தில் 50 புளியங்கொட்டைகளைக் குவித்து, அவர் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஒன்றை எடுத்து அப்பால் போட்டால், எண்ணுவதற்குத் தனியாக ஒருவர் தேவையில்லை. 23 புள்ளிக் களத்துக்கு 50 மிகையா, குறைவா, 30 போதுமா என்பது எழுதித் தீர்க்கும் விஷயமல்ல. சில நூறு இணை ஆட்டங்களை அந்தக் குவியலோடு ஆடி, கட்டு விழும்போது எத்தனை கொட்டைகள் மிஞ்சுகின்றன என்று குறித்துவைத்தால் எண் தானே வெளிப்படும்.